கூட்டிப் பார்த்தால் தப்பு

ஹாக்கியில் 3-2 என்று பேப்பரில் போட்டால் பேச்சு அதோடு முடிந்தது. மூன்று கோல் போட்டவன் ஜெயித்தான், இரண்டு போட்டவன் தோற்றான். ஹாக்கி ஊரான கோவில்பட்டிக்கு இத்தனை கிட்டத்தில் இருந்துகொண்டு இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. டென்னிஸ் முடிவு வரும்போதுதான் சிக்கல். விளையாட்டுப் பக்கத்தின் அடி மூலையில், ஒரே வரியில், 6-4, 6-3 என்று இருக்கும். சில நாள் 6-7(4), 7-6(4), 7-6(4) என்று அடைப்புக்குறி எல்லாம் போட்டு நீளமாக இருக்கும். படிக்கிறவர்களில் பாதிப் பேர் யார் ஜெயித்தார் என்று மட்டும் பார்த்துக்கொண்டு ராசிபலனுக்குப் போய்விடுவார்கள்.

ஓட்டப்பிடாரம் டீக்கடையில் அப்படிப் போகாத அண்ணாச்சி ஒருவர் உண்டு. உளுந்தும் பாசியும் விதைக்கிற கரிசல்காட்டு விவசாயி. பேப்பரைத் தலைப்பிலிருந்து டெண்டர் விளம்பரம் வரைக்கும் விடாமல் படிப்பவர். 2025 நவம்பர் தொடக்கத்தில் சென்னை ஓபன் பெண்கள் போட்டி முடிந்தது. இந்தோனேசியாவின் ஜேனிஸ் ஜென், ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பிரெல்லை 6-4, 6-3 என்று வென்று கோப்பையை எடுத்தார். இந்த மட்டத்துப் போட்டியில் இந்தோனேசியப் பெண் ஒருவர் ஒற்றையர் பட்டம் வாங்கி 23 வருஷம் ஆகியிருந்தது. அண்ணாச்சிக்கு அந்த வரலாறு பெரிதாகப் படவில்லை. எண்களின் மேல் விரலை வைத்தார்.

"தம்பி, இது வாலிபால் மாதிரி செட்டுதான? ரெண்டு செட்டு. அது வெளங்குது. ஒரு செட்டுக்கு ஆறே ஆறு பாயிண்டா? ஆறு பாயிண்டுக்கா மணிக்கணக்கா ஆடுதாவ?"

"அது பாயிண்ட் இல்ல அண்ணாச்சி. ஆறு கேம்."

வாலிபாலுக்கும் டென்னிஸுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. வாலிபாலில் பாயிண்ட் சேர்ந்து நேராகச் செட் ஆகிவிடும். டென்னிஸில் நடுவில் இன்னொரு அடுக்கு. பாயிண்ட்கள் சேர்ந்து ஒரு கேம், கேம்கள் சேர்ந்து ஒரு செட், செட்கள் சேர்ந்து ஆட்டம். நாலு பாயிண்ட் எடுத்தால் ஒரு கேம். ஆனால் எதிராளியைவிட இரண்டு பாயிண்டாவது கூடுதலாக இருக்கவேண்டும். அந்த பாயிண்ட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணாமல் 15, 30, 40 என்று சொல்வார்கள். ஏன் அப்படி என்று கேட்டால் கடிகார முள்ளில் தொடங்கி ஆளுக்கொரு கதை வரும். நமக்கு அது தேவையில்லை. இருவரும் 40-இல் நின்றால் அது டியூஸ். அங்கிருந்து அடுத்தடுத்து இரண்டு பாயிண்ட் எடுப்பவருக்குத்தான் கேம். ஒருவர் ஒன்று எடுக்க, மற்றவர் ஒன்று எடுக்க, திரும்பத் திரும்ப டியூஸுக்கே வந்து நிற்பதும் உண்டு. இப்படி ஆறு கேம் எடுத்து, அதிலும் இரண்டு கூடுதலாக இருந்தால் ஒரு செட். பெண்களுக்கும், சாதாரணப் போட்டிகளில் ஆண்களுக்கும் மூன்றில் இரண்டு செட். விம்பிள்டன் போன்ற நாலு பெரிய போட்டிகளில் மட்டும் ஆண்களுக்கு ஐந்தில் மூன்று.

டீக்கடைப் பற்று நோட்டை வைத்துச் சொன்னேன். மாதக் கடைசியில் கணக்குத் தீர்த்து அந்தப் பக்கத்தில் கோடு போட்டாகிவிட்டால், அடுத்த மாதம் புதுப் பக்கம். போன மாதம் நூறு ரூபாய்க்குக் குடித்தீர்களா ஆயிரத்துக்குக் குடித்தீர்களா என்பது புதுப் பக்கத்தில் ஏறாது. டென்னிஸில் ஒவ்வொரு கேமும் ஒரு பக்கம். எதிராளிக்கு ஒரு பாயிண்டுகூடக் கொடுக்காமல் எடுத்தாலும் ஒரு கேம்தான். கால் மணி நேரம் டியூஸில் மல்லுக்கட்டி, மூச்சு வாங்கி எடுத்தாலும் ஒரு கேம்தான். செட்டும் அப்படியே. 6-0 என்று எடுத்த செட்டில் மிச்சம் பிடித்ததை அடுத்த செட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பற்று நோட்டுப் பேச்சு வந்ததும் கடைக்காரர் எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பாலை ஆற்றப் போனார்.

அண்ணாச்சி கணக்கில் கெட்டிக்காரர். "அப்பம் மொத்தமாக் கூட்டிப் பாத்தா, தோத்தவனும் ஜெயிச்சவனும் சமமாக்கூட இருக்கலாம். அப்படித்தான?"

இருக்கலாம் என்ன, இருந்திருக்கிறது. அதுவும் சென்னையிலேயே. நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் 1997 தொடங்கி 2017 வரை ஆண்கள் போட்டி வருஷா வருஷம் நடந்தது. 2018-இல் புனேக்குப் போய்விட்டது. அதில் 2004 இறுதிப் போட்டியில் ஸ்பெயினின் கார்லோஸ் மோயா, தாய்லாந்தின் பாரதோன் ஸ்ரீசபனை 6-4, 3-6, 7-6 என்று வென்றார். மறு வருஷமும் அதே இருவர்தான் இறுதியில். இந்தத் தடவை 3-6, 6-4, 7-6. இரண்டு வருஷத்தையும் தனித்தனியே கூட்டிப் பாருங்கள். மோயா 16 கேம், ஸ்ரீசபன் 16 கேம். இரண்டு தடவையும் சமம். இரண்டு தடவையும் கோப்பை மோயாவுக்கு. ஸ்ரீசபன் எந்தக் கணக்கில் குறைந்தார் என்று கேட்டால் கடைசிச் செட்டின் டை-பிரேக்கைத்தான் காட்டமுடியும். அதுவும் இரண்டு தடவையும் 7-5.

அந்த 2005 போட்டி, சுனாமி வந்து ஒரு வாரத்தில் தொடங்கியது. நாகப்பட்டினத்திலும் குமரிக் கரையிலும் இழவு வீடுகள் இன்னும் கலையாத நேரம். மோயா தன் பரிசுப் பணத்தை நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டார். முடிவு வரியில் இது வராது. ஆனால் அந்த வருஷத்து முடிவை நான் சொல்லும்போதெல்லாம் இதையும் சேர்த்துத்தான் சொல்வது.

சமம் என்பதுகூடச் சின்ன விஷயம். 2019 விம்பிள்டன் இறுதியில் நோவாக் ஜோகோவிச், ரோஜர் ஃபெடரரை 7-6, 1-6, 7-6, 4-6, 13-12 என்று வென்றார். பேப்பர் ஓரத்தில் அண்ணாச்சியையே கூட்டச் சொன்னேன். தோற்ற ஃபெடரருக்கு 36 கேம். ஜெயித்த ஜோகோவிச்சுக்கு 32. பாயிண்டாகவே எண்ணினாலும் ஃபெடரர் 218, ஜோகோவிச் 204. இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தால் கோப்பை என்ற இடத்தில் ஃபெடரர் இரண்டு தடவை நின்றார். இரண்டும் கைநழுவியது. 2010-இல் அதே விம்பிள்டனில் ஜான் இஸ்னரும் நிக்கோலா மாஹுவும் மூன்று நாளாக, மொத்தம் 11 மணி 5 நிமிஷம் ஆடினார்கள். கடைசிச் செட் 70-68. அதில் தோற்ற மாஹு எடுத்த பாயிண்ட் 502, ஜெயித்த இஸ்னர் எடுத்தது 478.

"இருவத்திநாலு பாயிண்டு கூட எடுத்துட்டுத் தோத்திருக்கானா!" அண்ணாச்சிக்கு மாஹு மேல் பரிதாபம் வந்துவிட்டது. பிறகு அவரே, "வாலிபால்லயும் உண்டுதான். ரெண்டு செட்டு செமத்தியா அடி வாங்கிட்டு, மூணு செட்ட மயிரிழையில எடுத்துட்டுப் போயிருவான்" என்றார். சரிதான். அடுக்கு கூடக் கூட, அப்படி நடக்க வழியும் கூடுகிறது.

ஆகையால் செட்களைச் சேர்த்துக் கூட்டக்கூடாது. ஆனால் ஒரு செட்டுக்குள் இருக்கும் இரண்டு எண்ணையும் கூட்டலாம். கூட்டினால் ஒரு ரகசியம் கிடைக்கும். அதற்கு முதலில் சர்வீஸ் என்றால் என்னவென்று தெரியவேண்டும்.

பந்தைத் தூக்கிப்போட்டு முதல் அடி அடிப்பதுதான் சர்வீஸ். ஒரு கேம் முழுக்க ஒருவரே சர்வீஸ் போடுவார். அடுத்த கேம் முழுக்க மற்றவர். இப்படி மாறி மாறிப் போகும். முதல் அடி தன் கையில் இருப்பதால் சர்வீஸ் போடுபவருக்கு எப்போதும் ஒரு கை மேலே. பெரிய ஆட்டக்காரர்கள், அதிலும் ஆண்கள், தங்கள் சர்வீஸ் கேமைப் பெரும்பாலும் விடமாட்டார்கள். தன் சர்வீஸில் ஜெயித்தால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. எதிராளியின் சர்வீஸில் புகுந்து கேமைப் பிடுங்கினால்தான் செய்தி. அதற்குப் பேர் பிரேக்.

இப்போது 6-4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் பத்து கேம். மாறி மாறி என்பதால் ஆளுக்கு ஐந்து சர்வீஸ். எல்லாரும் அவரவர் சர்வீஸைக் காப்பாற்றியிருந்தால் 5-5 என்றல்லவா இருக்கவேண்டும்? 6-4 ஆனதென்றால் ஜெயித்தவர் எதிராளியைவிட ஒரு பிரேக் கூடுதலாக எடுத்திருக்கிறார். ஒன்றே ஒன்று. இவர் இரண்டு, அவர் ஒன்று என்றும் இருக்கலாம், வித்தியாசம் ஒன்றுதான். 7-5 என்றால் பன்னிரண்டு கேம், ஆளுக்கு ஆறு. அங்கேயும் வித்தியாசம் ஒரே பிரேக்தான். 6-2 என்றால் எட்டு கேம், ஆளுக்கு நாலு. இரண்டு பிரேக் வித்தியாசம். டிவியில் 6-4 என்று கேட்டதும் "சும்மா ஊதித் தள்ளிட்டான்" என்று சொல்கிறவர்கள் உண்டு. பத்து கேமில் ஒரு கேம்தான் இடம் மாறியிருக்கிறது. அந்த ஒரு கேமுக்குள்ளும் இரண்டு மூன்று பாயிண்ட்தான் விவகாரம்.

6-3 கொஞ்சம் கள்ளத்தனமானது. கூட்டினால் ஒன்பது, ஒற்றைப்படை. முதலில் சர்வீஸ் போட்டவருக்கு ஐந்து, மற்றவருக்கு நாலு. ஜெயித்தவர் முதலில் சர்வீஸ் போட்டிருந்தால் ஒரு பிரேக் வித்தியாசம் போதும். இரண்டாவதாகப் போட்டிருந்தால் இரண்டு பிரேக் வேண்டும். பேப்பரில் யார் முதலில் சர்வீஸ் போட்டார் என்று எழுதுவதில்லை. அதனால் ஜேனிஸ் ஜென்னின் இரண்டாம் செட் நெருக்கமான செட்டா, ஒருபக்கமாகச் சாய்ந்த செட்டா என்று இந்த வரியை மட்டும் வைத்துச் சொல்லமுடியாது. முதல் செட்டைப் பற்றிச் சொல்லலாம். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அண்ணாச்சி 2022-க்குப் போய்விட்டார். அந்த வருஷம் சென்னையில் செக் நாட்டின் 17 வயதுப் பெண் லிண்டா ஃப்ருவிர்தோவா, போலந்தின் மாக்டா லினெட்டை 4-6, 6-3, 6-4 என்று வென்றதைப் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். "மொத செட்டுல அவளுக்கு ஒரு பிரேக்கு, மூணாவதுல இவளுக்கு ஒரு பிரேக்கு. நடு செட்டு சொல்ல முடியாது. சரியா?" நூற்றுக்கு நூறு.

யாருமே பிரேக் எடுக்காவிட்டால்? 6-6 ஆகிவிடும். பழைய காலத்தில் இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை ஆடிக்கொண்டே இருந்தார்கள். 8-6, 10-12 என்றெல்லாம் பழைய முடிவுகளில் பார்க்கலாம். இருட்டிவிடும், பார்க்க வந்தவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அடுத்த ஆட்டக்காரர்கள் உட்கார்ந்தே சோர்ந்துவிடுவார்கள். அமெரிக்கரான ஜேம்ஸ் வான் ஆலன் இதற்கு ஒரு வழி சொன்னார். பெரிய போட்டிகளில் 1970-இல் அமெரிக்க ஓபன் அதை முதலில் எடுத்துக்கொண்டது, மறு வருஷம் விம்பிள்டனும். அதுதான் டை-பிரேக். 6-6 ஆனதும் ஒரே ஒரு கடைசி கேம். இதில் 15, 30 எல்லாம் கிடையாது; ஒன்று, இரண்டு என்று நேராக எண்ணி, ஏழு பாயிண்டை முதலில் தொடுபவருக்குச் செட். இங்கேயும் இரண்டு கூடுதலாக இருக்கவேண்டும். சர்வீஸும் ஒருவர் கையிலேயே இருக்காது. முதல் பாயிண்டுக்கு ஒருவர், பிறகு ஆளுக்கு இரண்டிரண்டு என்று கை மாறிக்கொண்டே இருக்கும். விம்பிள்டனில் கடைசிச் செட்டுக்கு மட்டும் நெடுங்காலம் இந்த 6-6 விதி கிடையாது; மேலே பார்த்த 70-68-ம் 13-12-ம் வந்தது அதனால்தான்.

அடைப்புக்குறிக்குள் வருவது டை-பிரேக்கில் தோற்றவர் எடுத்த பாயிண்ட். 7-6(4) என்றால் டை-பிரேக் 7-4. அடைப்புக்குறியில் ஐந்தோ அதற்குக் கீழோ இருந்தால் ஜெயித்தவருக்கு ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறோ அதற்கு மேலோ இருந்தால் அதோடு இரண்டைக் கூட்டுங்கள். 7-6(8) என்றால் 10-8.

2012 சென்னை இறுதிப் போட்டி டை-பிரேக்குக்கென்றே ஆடின ஆட்டம். கனடாவின் மிலோஸ் ராவனிச், செர்பியாவின் யாங்கோ திப்சாரெவிச். 6-7(4), 7-6(4), 7-6(4). மூன்று செட்டிலும் சேர்த்து 36 சர்வீஸ் கேம். ஒன்றைக்கூட யாரும் யாரிடமிருந்தும் பிடுங்கவில்லை. மூன்று மணி நேரத்துக்குமேல் ஓடிய ஆட்டம், மூன்று டை-பிரேக்கில் முடிந்தது. அந்த மூன்றிலும் ராவனிச் எடுத்தது 18 பாயிண்ட், திப்சாரெவிச் 15. சாதாரணக் கேம்கள் முப்பத்தாறும் ஆளுக்குப் பதினெட்டாகப் பிரிந்து ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. கோப்பையைத் தீர்மானித்தது இந்தப் பாயிண்ட்கள்தான். திப்சாரெவிச் வெறுங்கையோடு போகவில்லை. அதே வாரம் லியாண்டர் பயஸோடு சேர்ந்து இரட்டையர் பட்டத்தை எடுத்தார்.

இதுவரைக்கும் ஒரு வரியை எப்படிப் படிப்பது என்று பார்த்தோம். சில வரிகளை அதற்கு மேலே இருக்கும் வரியோடு சேர்த்துப் படிக்காவிட்டால் அர்த்தமே மாறிவிடும். 2008 சென்னை இறுதிப் போட்டி முடிவை மட்டும் ஒருவர் பார்க்கிறார் என்று வையுங்கள்: மிகயில் யூஷ்னி, ரஃபேல் நடாலை 6-0, 6-1 என்று வென்றார். 6-0 என்றால் ஆறு கேம், ஆளுக்கு மூன்று சர்வீஸ். நடால் தன் மூன்று சர்வீஸையும் பறிகொடுத்திருக்கிறார். இரண்டு செட்டிலும் சேர்த்து அவர் எடுத்தது ஒரே ஒரு கேம். அப்போது உலகத்தில் இரண்டாம் இடத்தில் இருந்த ஆள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"என்ன ஆச்சு அவனுக்கு? காச்சலா?"

காய்ச்சல் இல்லை. அரையிறுதி வரியைப் பாருங்கள் என்றேன். நடால், கார்லோஸ் மோயாவை 6-7(3), 7-6(8), 7-6(1) என்று வென்றார். மூன்று செட் ஆட்டத்துக்கு 3 மணி 54 நிமிஷம். இரண்டாம் செட் டை-பிரேக் 10-8 என்பதைக் கவனியுங்கள். முதல் செட்டை எடுத்திருந்த மோயாவுக்கு அங்கே ஒரு பாயிண்ட் கிடைத்திருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும் என்ற நிலை வந்து வந்து போனது. மூன்றாவது டை-பிரேக் 7-1. மோயாவிடம் அதற்குமேல் எதுவும் மிச்சமில்லை என்று அந்த ஒன்று சொல்கிறது. நடாலிடமும் மிச்சமில்லை என்பது மறுநாள்தான் வெளியே தெரிந்தது. இருவரும் மயோர்க்கா என்ற ஒரே தீவுக்காரர்கள், மோயா பத்து வயது மூத்தவர். பின்னாளில் நடாலுக்குப் பயிற்சியாளராகவும் வந்தார். யூஷ்னி நன்றாக ஆடினார், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த 6-0-வில் பாதியை மோயா கணக்கில் எழுதவேண்டும் என்பது என் கட்சி.

அடுத்த வருஷம், 2009-இல், எண்ணே இல்லாத ஒரு வரி வந்தது. சோம்தேவ் தேவ்வர்மன் அப்போது உலகத் தரவரிசையில் இருநூறுக்கு வெளியே. சொந்தத் தகுதியில் உள்ளே வர முடியாது. போட்டி நடத்துகிறவர்கள் தங்கள் விருப்பத்தில் கொடுக்கிற வைல்டு கார்டில் வந்தார். வந்தவர் இரண்டு தடவை சாம்பியனான மோயாவையே வீழ்த்தினார். கால் இறுதியில் ராட்சச சர்வீஸ் போடும் இவோ கார்லோவிச்சை முடித்தார். அரையிறுதியில் எதிராளி ஜெர்மனியின் ரைனர் ஷுட்லர், காயத்தால் இறங்கவே இல்லை. பேப்பரில் வாக்-ஓவர் என்று மட்டும் இருந்தது. 2017 வரை நடந்த அந்த ஆண்கள் போட்டியின் ஒற்றையர் இறுதியில் நின்ற ஒரே இந்தியர் சோம்தேவ்தான். அங்கே மாரின் சிலிச்சிடம் 6-4, 7-6(3) என்று தோற்றார். இப்போது உங்களுக்கே படிக்கத் தெரியும்: முதல் செட்டில் ஒரு பிரேக், இரண்டாவதில் பிரேக் கணக்கு சமம், டை-பிரேக் 7-3.

வாக்-ஓவர் வேறு, ரிட்டயர்டு வேறு. ஆடத் தொடங்கி நடுவில் நின்றுவிட்டால் ரிட்டயர்டு. நின்ற இடம்வரை ஸ்கோர் போடுவார்கள், ஜெயித்தவருக்கு அது ஒரு வெற்றியாகவே எழுதப்படும். ஒரு பந்துகூட ஆடாமல் ஒதுங்கினால் வாக்-ஓவர். அடுத்த சுற்றுக்குப் போகலாம். ஆனால் ஆட்டக் கணக்கில் அது ஒரு வெற்றியாக ஏறாது.

இந்த இடத்தில் நான் வழக்கமாகச் சற்று நேரம் எடுத்துக்கொள்வேன். நாட்டுக்கு நாடு ஆடுகிற டேவிஸ் கோப்பையில் இந்தியா மூன்று தடவை இறுதிவரை போயிருக்கிறது: 1966, 1974, 1987. மூன்றிலும் கோப்பை இல்லை. முதலிலும் கடைசியிலும் ஆடித் தோற்றோம். நடுவில் உள்ளது வாக்-ஓவர். 1974-இல் சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள் விஜய்யும் ஆனந்தும் இருந்த அணி. கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்தார்கள், புனேயில் சோவியத் யூனியனைத் தோற்கடித்தார்கள். இறுதியில் எதிரே வந்தது தென்னாப்பிரிக்கா. கறுப்பர்களையும் இந்திய வம்சாவளியினரையும் நிறத்தை வைத்து ஒதுக்கிச் சட்டம் போட்டு ஆண்ட நாடு. அவர்களோடு ஆடுவதில்லை என்று இந்தியா முடிவெடுத்தது. கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. இன்றுவரை அவர்கள் டேவிஸ் கோப்பை எடுத்தது அந்த ஒரு தடவைதான். வெற்றியாளர் பட்டியலில் 1974-க்கு நேரே தென்னாப்பிரிக்கா என்று இருக்கிறது, பக்கத்தில் ஸ்கோர் இல்லை. இந்தியா கோப்பையை எடுக்க அதைவிட நல்ல வாய்ப்பு அதற்கு முன்னும் பின்னும் வரவில்லை என்று நினைக்கிறேன்.

"ஆடியிருக்கணும்னு சொல்லுதியா, வேண்டாம்னு சொல்லுதியா?"

ஆடாமல் இருந்தது சரி என்றேன். ஆடின பிள்ளைகளுக்கு வலித்திருக்கும் என்றும் சொன்னேன். அண்ணாச்சி தெருக்கோடி வ.உ.சி. நினைவு இல்லத்தின் பக்கம் தலையை ஆட்டினார். "இந்த ஊர்ல வந்து அதக் கேக்கியே. அவுக கப்பல் கம்பெனி அஞ்சு வருசம்கூட நிக்கல. வெள்ளைக்காரன் டிக்கெட்டக் கொறைச்சுக் கொறைச்சே அடிச்சான். கணக்குப் பாத்தா தோல்விதான்." 1906-இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் சுதேசிக் கப்பல் விடக் கம்பெனி தொடங்கிய வ.உ.சி., 1908-இல் சிறைக்குப் போனார்; 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. வாக்-ஓவரை அவருக்கு நான் அதற்குமேல் விளக்கவில்லை.

இரட்டையர் முடிவுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2006-லிருந்து பெரும்பாலான போட்டிகளில் இரட்டையருக்கு மூன்றாவது செட்டே கிடையாது. செட் 1-1 ஆனால் பத்து பாயிண்ட் டை-பிரேக் ஒன்று வைத்து முடித்துவிடுவார்கள். கடைசியில் 10-8 என்று பார்த்தால் அது பத்து கேம் அல்ல, பத்து பாயிண்ட். டியூஸும் இல்லை; 40-40 ஆனால் அடுத்த பாயிண்டோடு கேம் முடிந்தது. டிவிக்கு வசதி, எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. நம்மவர்கள் சென்னையில் அதிகம் ஜெயித்தது இரட்டையரில்தான். பயஸும் மகேஷ் பூபதியும் ஜோடியாக ஐந்து தடவை. நுங்கம்பாக்கத்தில் நடந்த கடைசி ஆண்கள் போட்டியில், 2017-இல், இறுதியில் நின்ற நால்வருமே இந்தியர்கள். சென்னைக்காரரான ஜீவன் நெடுஞ்செழியன், ரோஹன் போபண்ணாவோடு சேர்ந்து, புரவ் ராஜா, திவிஜ் சரண் ஜோடியை 6-3, 6-4 என்று வென்றார்.

இரண்டாவது டீ வந்தது. இனி பழைய முடிவு ஒன்றைக் கொடுத்துப் பார்ப்போம் என்று தோன்றியது. டை-பிரேக் இல்லாத காலத்து முடிவு. ராமநாதன் கிருஷ்ணன் நம் தெற்கத்தி ஆள். 1937-இல் நாகர்கோவிலில் பிறந்தவர், தென்காசிக் குடும்பம். 1954-இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர். 1960-இலும் 1961-இலும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். இரண்டாம் தடவை அவரைத் தடுத்தது ராட் லேவர்: 6-2, 8-6, 6-2. நடுச் செட் 8-6 என்பதைப் பார்த்தாலே அது டை-பிரேக்குக்கு முந்தைய காலம் என்று தெரியும்.

நான் கொடுத்தது 1966 டிசம்பரில் கல்கத்தாவில் நடந்த ஆட்டம். டேவிஸ் கோப்பை இறுதிக்கு யார் போவது என்று இந்தியாவும் பிரேசிலும் மோதி, 2-2 என்று நின்றது. ஐந்தாவது ஆட்டத்தில் கிருஷ்ணனும் தோமாஸ் கோச்சும். கிருஷ்ணன் வென்றார்: 3-6, 6-4, 10-12, 7-5, 6-2.

அண்ணாச்சி பேனாவை வாங்கிக்கொண்டார். முதல் செட்டைத் தொடாமல் தள்ளினார், ஒற்றைப்படை. "ரெண்டாவது, ஒரு பிரேக்கு. மூணாவது இருவத்திரெண்டு கேமு, ஆளுக்குப் பதினொண்ணு, அவன் ஒரு பிரேக்கு கூட. நாலாவது பன்னெண்டு கேமு, இவரு ஒரு பிரேக்கு கூட. அஞ்சாவது ரெண்டு பிரேக்கு. அதுல கோச்சுக்கு மூச்சு நின்னிருக்கும்."

எல்லாம் சரி. நாலாவது செட்டில் மட்டும் அந்த வரி ஒன்றை மறைக்கிறது. செட் கணக்கில் ஏற்கெனவே 1-2 என்று பின்தங்கியிருந்த கிருஷ்ணன், அந்தச் செட்டில் 2-5 என்று இருந்தார். இன்னும் ஒரு கேம் போனால் பிரேசில் இறுதிக்குப் போய்விடும். அங்கிருந்து வரிசையாக ஐந்து கேம்.

"அஞ்சு கேமுன்னா..." என்று அண்ணாச்சி விரல் விட்டார். "மாத்தி மாத்தி சர்வீஸு. அஞ்சுல கொறைஞ்சது ரெண்டு கோச்சு போட்டது. அப்பம் ரெண்டு பிரேக்காவது வரிசையா எடுத்திருக்காரு. ஆனா பேப்பர்ல ஒண்ணுதான் கூடன்னு தெரியும்." முன்னால் கோச் எடுத்திருந்ததை இது அடித்துவிட்டு, மிச்சம் ஒன்றுதான் வரியில் நிற்கிறது. 7-5 என்று மட்டும் பார்க்கிறவர் அது தொடக்கத்திலிருந்தே சரிக்குச் சரியாகப் போன செட் என்று நினைத்துக்கொள்வார்.

"அப்புறம் பைனல்ல?"

மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றோம் என்றேன். அண்ணாச்சி நாலை விட்டுவிட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டார். அது யார் எடுத்தது என்று கேட்டார். இரட்டையர் ஆட்டம். கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து, அப்போது உலகத்திலேயே பலமான ஜோடிகளில் ஒன்றாக இருந்த ஜான் நியூகோம்பையும் டோனி ரோச்சையும் அவர்கள் ஊர் மண்ணிலேயே தோற்கடித்தார்கள்.